முதலில் வந்த அட்டை

கட்டுகஸ்தோட்டை
4 ஏப்ரல் 2024

அன்புள்ள கிருஷாந்திக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன்னோடு இருப்பதாக என்று தொடங்கத்தான் கை பழகியிருக்கிறது. இதை வாசித்ததும் உனக்கு எரிச்சல் வரும் என்று தெரியும். வந்தாலும் பரவாயில்லை, கடிதத்தைக் கிழிக்காமல் கடைசிவரை வாசி.

எத்தனை தடவை உன் போனுக்கு எடுத்தேன் என்று எனக்கே கணக்கில்லை. நீ என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய் என்று உன் மகள் நிரோஷினிதான் சொன்னாள். உயிர்த்த ஞாயிறு ஆராதனைக்கு நான் கண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி ஹேவாஹெட்டைக்கு வந்திருந்தேன். பிள்ளை தனியாக வந்து பின் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். "அம்மா வர மாட்டாங்க ஆன்ட்டி. உங்க நம்பரையும் பிளாக் பண்ணிட்டாங்க" என்றாள். அம்மாவைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று பாவம், தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள்.

ஆராதனையில் மைக் விசிலடித்துக்கொண்டே இருந்தது. தட்டி அடக்க உன் வீட்டுக்காரர் இல்லை, நம் மோகனராஜ் அண்ணன் இல்லை. அவர் போய் நாற்பத்தைந்து நாள் ஆகிவிட்டது, இன்னும் எல்லோரும் அவர் உட்காரும் மூலையைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

கிருஷா, நமக்கு எல்லாம் புரியாது. ஆண்டவர் ஒன்றை எடுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அண்ணன் இப்போது வலியில்லாத இடத்தில் இருக்கிறார். கிட்னி வருத்தம் இல்லை, ஊசி இல்லை, டயலிசிஸ் இல்லை. இதை நீ நம்ப வேண்டும். துக்கத்தில் விசுவாசத்தை விட்டுவிடாதே.

இரண்டு வரியாவது எழுது. ஞாயிறு பள்ளியில் ஒரே பாயில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் நாம்.

உன்
பிரேமிளா

*

ஹேவாஹெட்ட
17 ஏப்ரல் 2024

பிரேமிளா,

தோட்டத்து ஒபிஸில் உன் கடிதத்தைக் கொடுத்த கிளாக்கர், "இந்தக் காலத்துல யாரு டீச்சர் கடுதாசி போடுறா?" என்று கேட்டார். பிள்ளைக் காம்பராவில் பகலில் நான் பார்த்துக்கொள்ளும் பதினாறு குழந்தைகளையும் தூங்க வைத்துவிட்டு வாசித்தேன். கிழிக்கவில்லை. ஆனால் காரணம் இருக்கும் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

நன்றாகக் கேட்டுக்கொள். ஒரு தடவைதான் எழுதுவேன்.

புதுவருட ஆராதனைக்கு நான் வர முடியவில்லை. அவரோடு கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தேன். வருஷத்துக்கு ஒரு வசனம் என்று கூடையில் வரும் வாக்குத்தத்த அட்டையை எங்கள் குடும்பத்துக்காக நீ எடுத்து, அன்று மாலையே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். சாக மாட்டாய், பிழைத்திருப்பாய் என்கிற வசனம். வார்டு என்றுகூடப் பார்க்காமல் இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுதோம். ஒரு கூடை அட்டையில் அது எங்களுக்கு வந்திருக்கிறது என்றால் அது ஆண்டவரே எழுதிய கடிதம் என்று சொன்னது நீ.

நான் நம்பினேன். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னபோதும் நம்பினேன். அதுகூடப் பரவாயில்லை. அவர் என்னிடம் ஏதோ சொல்ல வந்தார், பிரேமிளா. மூன்று தடவை. "கிருஷா, ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்குவார். நான் உடனே அட்டையை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே காட்டுவேன். "அப்படியெல்லாம் பேசாதீங்க. வசனம் இருக்கு" என்பேன். கடைசித் தடவை அவர் வாயைக் கையால் பொத்தினேன். அவர் என் கைக்குள்ளேயே சிரித்தார். அந்தச் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. நாலாம் நாள் காலை போய்விட்டார்.

ஒன்று, ஆண்டவர் பொய் சொன்னார். இல்லையென்றால் நான் அவருக்கு ஆளே இல்லை. இரண்டில் எது என்று யோசித்துப் பார்த்தேன். எதுவானாலும் எனக்கு இனி சர்ச்சில் வேலையில்லை. அட்டையை அடுப்பில் போட்டுவிட்டேன். நிரோஷினியையும் இனி அனுப்ப மாட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் குரலைக் கேட்டால் அந்த வார்டு ஞாபகம் வருகிறது, அதனால்தான் பிளாக் பண்ணினேன். நீ என்ன செய்வாய், கைக்கு வந்ததைக் கொண்டுவந்து கொடுத்தாய்.

கிருஷாந்தி

*

கட்டுகஸ்தோட்டை
2 மே 2024

கிருஷா,

இது நான்காவது தடவை எழுதுவது. மூன்றைக் கிழித்துவிட்டேன். நீ கடைசியில் எழுதியிருந்த வரி இல்லையென்றால் ஒருவேளை நான் எழுதாமலே இருந்திருப்பேன். கைக்கு வந்ததைக் கொண்டுவந்து கொடுத்தாய் என்று எழுதியிருந்தாய்.

நான் கைக்கு வந்ததைக் கொடுக்கவில்லை.

அன்று ஆராதனையில் கூடை சுற்றி வந்தது. எனக்கு ஒன்று எடுத்தேன். பிறகு போதகர் ஐயா, "வராத குடும்பத்துக்கு யாரு எடுக்கிறீங்க?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். கண்ணை மூடி, உன் பெயரையும் அண்ணன் பெயரையும் சொல்லி ஒரு அட்டை எடுத்தேன். அதில் பிழைப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. உடைந்த மனசு என்று இருந்தது. அந்த இரண்டு சொல்லைப் பார்த்ததும் அட்டையைக் கவிழ்த்துவிட்டேன். இதை எப்படி அந்த வார்டுக்குக் கொண்டுபோவேன்? கிருஷாந்தி முகத்தைப் பார்த்து இதை எப்படி நீட்டுவேன்?

ஐயா ஜெபிக்கத் தொடங்கினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் திறந்தேன். கூடை என் மடியிலேயே இருந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கடைத்தெருவில் தக்காளி பொறுக்குவதுபோல ஆண்டவருடைய வார்த்தையைப் பொறுக்கினேன், கிருஷா. ஆறாவதோ ஏழாவதோதான் நான் உன்னிடம் கொண்டுவந்தது. முதலில் வந்ததை என் வேதப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அன்றைக்கு அது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை. உனக்கு ஒரு நல்ல நாள் கொடுத்தேன் என்று நினைத்தேன். நீ அதை வைத்துக்கொண்டு அண்ணன் வாயை மூடுவாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதால் நான் செய்தது குறைந்துவிடாது.

ஆண்டவர் உன்னிடம் பொய் சொல்லவில்லை. சொன்னவள் நான். இதை எழுதினால் நீ எனக்கு இல்லாமல் போய்விடுவாய் என்று தெரியும். எழுதாவிட்டால் நீ ஆண்டவரை இழந்துவிடுவாய். உனக்கு இப்போது என்னைவிட அவர்தான் தேவை. அதனால் எழுதுகிறேன். வெறுக்க ஆள் வேண்டுமென்றால் என்னை வெறு.

அந்த அட்டை வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

பிரேமிளா

*

ஹேவாஹெட்ட
10 மே 2024

பிரேமிளா,

வாசித்தேன்.

ஜனவரி ஒன்றிலிருந்து பெப்ரவரி பத்தொன்பதுவரை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்பது நாள். நானும் அவரும் உண்மை பேசியிருக்க வேண்டிய நாட்கள். அதில் பாதி நாள் "நல்லாயிட்டு வந்ததும் வீட்டுக்கு என்ன கலர் அடிக்கலாம்" என்று பேசினோம். அவரும் பச்சை, நீலம் என்று எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அட்டையை அனுப்பாதே. வசனமும் எழுதாதே. ஆண்டவருக்கும் எனக்கும் நடுவில் நீ நின்று பேசியது போதும்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்று உனக்குத் தெரிந்தால் எழுது. இல்லையென்றால் எழுதாதே.

கிருஷாந்தி

*

கட்டுகஸ்தோட்டை
14 ஜூலை 2024

கிருஷா,

நீ சொன்னபடி எழுதாமல் இருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். வசனம் ஒன்றும் இல்லை, பயப்படாதே.

அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் பெரியவர் இருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஃபார்மசியில் வேலை முடிந்து நான் வார்டுக்கு வரும்போதெல்லாம், நீ சுடுதண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். உன் கடிதத்தை வாசித்த அன்று அவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அண்ணன் போவதற்கு இரண்டு நாள் முன்னால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹுஸைன் என்று பெயர், மடவளை என்று ஊர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மடவளையில் போய் ஹுஸைன் வீடு எது என்று கேட்டால், எந்த ஹுஸைன் என்று கேட்கிறார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன். முதல் வாரம் மேசை, அலுமாரி விற்கும் ஒரு தளபாடக் கடைக்கார ஹுஸைனைக் கண்டுபிடித்தேன். அவர் ஆஸ்பத்திரி வாசலே மிதிக்காதவர். இருந்தாலும் இவ்வளவு தூரம் வந்த பிள்ளை என்று என்னைக் கதிரையில் உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்பினார். இரண்டாவது வாரம் நான் தேடிப் போன ஹுஸைன் சவூதியில் இருக்கிறாராம். மூன்றாவது வாரம், இன்றைக்கு, பஸ் நிற்கிற ஹோல்ட் பக்கத்துப் பழக் கடையில் இருந்த பையன் கேட்டான்: "கிட்னிக்கு கிளினிக் போற ஹுஸைன் நானாவா?"

அவரேதான். மெலிந்துவிட்டார், ஆனால் நடமாடுகிறார். மனைவி ஆஸியா உம்மா இஞ்சி போட்டு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் ஹுஸைன் நானா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ். அது என்னட்ட அமானிதமா தந்த சொல்லு மகள்" என்றார். "ஒருத்தர் நம்பி ஒப்படைச்சத உரியவங்கட கையில குடுக்காம மௌத்தானா நான் அல்லாட்ட பதில் சொல்லணும். ஊர் ஹேவாஹெட்ட எண்டு மட்டும்தான் தெரியும். ஆரிட்டக் குடுக்கிறது எண்டு தெரியாம அஞ்சு மாசமா வெச்சிக்கொண்டு இரிந்தேன்."

அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். என் பக்கத்திலிருந்து ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. பஸ்ஸில் ஏறியதும் பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

அண்ணனுக்குத் தெரிந்திருந்தது, கிருஷா. எல்லாம் தெரிந்திருந்தது. டொக்டர் உன்னிடம் சொல்வதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிட்டார். "அப்ப பொஞ்சாதிட்ட சொல்லுங்களேன்" என்று ஹுஸைன் நானா கேட்டிருக்கிறார். அதற்கு அண்ணன் சொன்னது இது:

"அவ அந்த அட்டையப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறா நானா. அத நான் பறிச்சா விழுந்துருவா. மூணு தடவ சொல்லப் பாத்தேன், அவ மொகத்தப் பாத்ததும் விட்டுட்டேன். பெருசா ஒண்ணும் இல்ல. நன்றின்னு ஒரு வார்த்த சொல்லணும். இத்தன நாளா எனக்காக இந்தக் கதிரையிலயே ஒக்காந்து தூங்குறா. நன்றி சொன்னா, போய்ட்டு வாரேன்னு சொல்றதா நெனச்சுப் பயந்துருவா. கொஞ்ச நாள் போகட்டும். அவ ஆறுன பொறகு நீங்க சொல்லிருங்க."

அவ்வளவுதான் அவர் சொல்ல வந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. சர்ச்சில் மூன்றாவது வாங்குக்குக் கீழே மைக் வயர் தோலுரிந்து கிடக்கிறதாம். சின்னப் பிள்ளைகள் கால் வைக்கிற இடமாம். யாரிடமாவது சொல்லி டேப் சுற்றச் சொல்ல வேண்டுமாம். இதையும் அண்ணன் அவரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

திரும்பி வரும்போது ஆஸியா உம்மா என் கையைப் பிடித்து, "அந்தப் புள்ளைக்கு நாங்க துஆ கேட்டுக்கொண்டுதான் ஈக்கிறோம் எண்டு செல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

பிரேமிளா

*

ஹேவாஹெட்ட
1 ஆகஸ்ட் 2024

பிரேமிளா,

உன் கடிதம் வந்த அன்று பிள்ளைக் காம்பராவை உதவிக்கு வரும் நிஷாந்தியிடம் விட்டுவிட்டு, சாவி வாங்கிக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். அடக்க ஆராதனைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஜெபிக்கப் போகவில்லை. வயர் பார்க்கப் போனேன்.

மூன்றாவது வாங்குக்குக் கீழே குனிந்தால் தெரியவில்லை. தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. இருந்தது. ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு பளபளவென்று தெரிந்தது. அவர் சொன்ன அதே இடம். செத்துக்கொண்டிருந்த மனுஷன் பிள்ளைகளின் காலைப் பற்றி யோசித்திருக்கிறார். நான் அந்த வாங்குக்குக் கீழேயே படுத்துக்கொண்டு அழுதேன். பார்த்தவர்கள் இருந்தால் கிருஷாந்திக்குப் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர் போனதிலிருந்து அப்படி அழுதது அன்றுதான். அதுவரை கோபத்தில் எனக்கு அழுகையே சரியாக வரவில்லை.

ஃபக்டரிக்குப் புதிதாக வந்திருக்கும் எலக்ட்ரீஷியன் சஞ்சீவ் வந்து டேப் சுற்றிக் கொடுத்தான்.

அவர் வாயை நான் பொத்திவிட்டேன் என்றுதான் இத்தனை மாதமாக என்னை நானே தின்றுகொண்டிருந்தேன். நான் பொத்தவில்லை. அவராகவே மூடிக்கொண்டார். என் கைக்குள் அவர் ஏன் சிரித்தார் என்று இப்போது தெரிகிறது. பச்சை, நீலம் என்று அவர் பதில் சொன்னதெல்லாம் எனக்காகத்தான். யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு மனுஷன்? பதினான்கு வருஷம் எனக்குக் கிடைத்தார். இதுவரை எடுத்துக்கொண்டதற்காக ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். கொடுத்ததற்கு ஒருநாளும் வாய்திறந்து எதுவும் சொன்னதில்லை. அன்று வாங்குக்குக் கீழேயிருந்து சொன்னேன்.

ஹுஸைன் நானாவுக்கும் ஆஸியா உம்மாவுக்கும் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன். இந்தக் கவருக்குள்ளேயே இருக்கிறது. நேரில் கொண்டுபோய்க் கொடு. உனக்குத்தான் வீடு தெரியும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. வராததை வந்தது என்று எழுத மாட்டேன். நம் இருவரில் ஒருத்தியாவது உண்மை எழுத வேண்டும் இல்லையா?

அந்த முதல் அட்டையில் முழுக்க என்ன இருந்தது? அனுப்பு.

கிருஷாந்தி

*

கட்டுகஸ்தோட்டை
9 ஆகஸ்ட் 2024

கிருஷா,

அட்டை இத்துடன் இருக்கிறது. ஒரு ஓரம் மடங்கியிருப்பது நான் அவசரத்தில் ஒளித்தபோது ஆனது.

அன்றைக்கு நான் முதல் இரண்டு சொல்லைத்தான் பார்த்தேன். மீதியைக் கண் வாசித்திருக்கும், மனசு வாசிக்கவில்லை. நேற்றுத்தான் அதை முழுதாக வாசித்தேன். உடைந்த மனசு உள்ளவர்களுக்கு அவர் பக்கத்திலேயே இருக்கிறார் என்றுதான் இருக்கிறது. சாவைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை. சாவை நான்தான் அதில் வாசித்தேன். இதையே கொண்டுவந்து கொடுத்திருந்தால் நீங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதிருப்பீர்கள், அவரும் சொல்ல வேண்டியதை உன்னிடமே சொல்லியிருப்பார். இதை நினைக்காத நாள் இல்லை.

கண்ணீர் வந்தால் உடனே துடைக்க வேண்டும், துக்கம் வந்தால் உடனே ஒரு நல்ல வசனம் சொல்ல வேண்டும் என்றுதான் நான் பழகியிருக்கிறேன். வேதத்தில், சிநேகிதனுடைய கல்லறைக்கு முன்னால் ஆண்டவரே நின்று அழுதார். எனக்கு அவரைவிட அவசரம்.

போதகர் ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. எனக்குத்தான் அந்தக் கூடையின் முன்னால் வந்து உட்கார வெட்கமாக இருக்கிறது. கொஞ்ச நாளைக்குத் தோட்டத்துச் சர்ச்சுக்கு வர மாட்டேன். கண்டியில் ஒரு சர்ச்சில் கடைசி வாங்கில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

உன் கடிதத்தை மடவளையில் கொடுத்துவிட்டேன். ஹுஸைன் நானா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "இனி நான் நிம்மதியா ஈப்பேன் மகள்" என்றார்.

நீ மன்னிக்காவிட்டாலும் உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். கோபத்திலும் நீ என் கடிதங்களை வாசித்தாய்.

பிரேமிளா

*

ஹேவாஹெட்ட
2 ஜனவரி 2025

அன்புள்ள பிரேமிளாவுக்கு,

ஐந்து மாதமாகப் பதில் எழுதவில்லை. கோபத்தில் இல்லை. அந்த அட்டையை அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்து, தலை வாரும்போதெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்த நாட்களில் அழுதேன். பக்கத்தில் யாரோ சும்மா உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. ஒன்றும் பேசாமல், நேரத்தைப் பார்க்காமல். அதைத்தான் அந்த அட்டை சொல்லியிருக்கிறது, அது பொய் இல்லை.

டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு ஹுஸைன் நானாவும் ஆஸியா உம்மாவும் வந்திருந்தார்கள். அந்த வளைவுப் பாதையில் பஸ்ஸில் வந்து நானாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. இருந்தாலும் உட்காராமல், நின்றுகொண்டே என்னைப் பார்த்து, "புருஷன் நன்றி சொல்லச் சொன்னாரு மகள்" என்றார். கடிதத்தில் வந்தது போதாதாம், அமானிதம் என்றால் வாயால் கொடுத்தால்தான் கடமை தீருமாம். நிரோஷினி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

நேற்றுப் புதுவருட ஆராதனை. நாங்கள் இருவரும் போனோம். மூன்றாவது வாங்கில்தான் உட்கார்ந்தோம். மைக் விசிலடிக்கவே இல்லை. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கூடை வந்தது. எங்களுக்கு ஒன்றை நிரோஷினி எடுத்தாள். பிறகு போதகர் ஐயா வழக்கம்போலக் கேட்டார்: "வராத குடும்பத்துக்கு யாரு எடுக்கிறீங்க?" யாருக்காவது கை தூக்கத் தோன்றுவதற்கு முன்னால் நான் தூக்கிவிட்டேன். "யாருக்கும்மா?" என்று கேட்டார். "பிரேமிளாவுக்கு" என்றேன். சர்ச் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எல்லோருக்கும் கதை தெரியும், தோட்டம்தானே. ஐயா கூடையை என் பக்கம் நீட்டினார்.

கண்ணை மூடினேன். உன் பெயரைச் சொன்னேன். அதைச் சொன்ன பிறகுதான், உன்மேல் எனக்குள் ஒன்றும் மிச்சமில்லை என்று எனக்கே தெரிந்தது. முதலில் விரலில் பட்டதை எடுத்தேன். கண்ணைத் திறப்பதற்கு முன்பே மடித்து, கையோடு கொண்டுபோயிருந்த சின்னக் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். நான் வாசிக்கவில்லை. நிரோஷினியும் வாசிக்கவில்லை, அவள் கெஞ்சியும் விடவில்லை. அந்தக் கவரை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அதில் என்ன இருக்கிறதோ, அது உன்னுடையது.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். பிரிக்கப் பயமாக இருந்தால் ஒட்டியபடியே எடுத்துக்கொண்டு ஞாயிறு முதல் பஸ்ஸில் வா. மூன்றாவது வாங்கில் உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன். சேர்ந்து பிரிப்போம்.

உன்
கிருஷா